ஹெல்மெட்டுக்குள் வழியும் பேச்சும் பாட்டும்: பெங்களூரில் புதிதாக வாங்குபவர்களுக்கு

வேலைக்காகப் பெங்களூர் வந்து, பைக்கும் வாங்கிவிட்ட நம்மவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான்: "ப்ளூடூத் ஹெல்மெட் எது நல்லா இருக்கும்?" நியாயமான கேள்வி. அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் டோம்லூர் மேம்பாலத்தில் ஏறுவதா கீழே போவதா, சில்க் போர்டில் எந்தப் பிரிவில் நுழைவது என்று நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டோ, ஹேண்டில்பாரில் மாட்டிய திரையை நொடிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டோ ஓட்டுவதைவிட, காதில் வழி சொல்லும் கருவி எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தலையைக் காப்பது ஒரு பொருள். காதுக்குச் சொல்வது வேறொரு பொருள். முதலில் தலைக்கானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதில் காதுக்கானது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைப் பார்த்து ஹெல்மெட் வாங்கினால் பாட்டு நன்றாகக் கேட்கும். விழும்போது காப்பாற்ற வேண்டிய பொருளின் தரம் மட்டும் சுமாராக இருந்துவிடும்.

முதலில் ஹெல்மெட்

இந்தியாவில் இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கான தரம் ஐஎஸ் 4151. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஐரோப்பியத் தரமான ஈசிஇ 22.06, அமெரிக்கத் தரமான டாட் போன்றவை கூடுதலாக இருந்தால் நல்லதுதான், ஆனால் இங்கே விற்கும் ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ கட்டாயம் இருக்க வேண்டும். முத்திரை ஒட்டியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். சாலையோரத்தில் குவித்து விற்பவற்றிலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

அளவுக்கு, புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்து கொள்ளுங்கள். 58 செ.மீ. என்று வந்தால் 580 மி.மீ. என எழுதியிருப்பதை முதலில் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜாக இருக்கும், அதனால் எழுத்தை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். புது ஹெல்மெட் கன்னத்தை நன்றாக அமுக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல. கால் மணி நேரமாவது போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். நெற்றியில் ஓர் இடம் மட்டும் சுள்ளென்று வலித்தால், அந்த வடிவமே உங்கள் தலைக்குச் சேரவில்லை என்று பொருள். போகப் போகச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். பஞ்சுதான் நாளடைவில் தளரும். உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மாகோல் தளராது.

அதனால்தான் முதல் ஹெல்மெட்டை நேரில் போய் வாங்கச் சொல்கிறேன். ஜே.சி. ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, தமிழில் பேசியே வாங்கிவிடலாம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போய்ப் போட்டுப் பாருங்கள்.

ஸ்பீக்கருக்கு இடம் இருக்கிறதா?

கடையில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: "அண்ணா, இதுல ஸ்பீக்கர் வைக்கக் குழி இருக்கா?"

கன்னப் பஞ்சைக் கழற்றினால், காது வரும் இடத்தில் தெர்மாகோல் வட்டமாகக் குழிந்திருக்க வேண்டும். இன்டர்காம், அதாவது ஒரு ஹெல்மெட்டிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டுக்குப் பேச உதவும் கருவி, அதன் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 40 மி.மீ. விட்டம் உள்ளவை. குழி அதைவிடச் சற்று அகலமாகவும், ஸ்பீக்கரின் தடிமன் அளவுக்கு ஆழமாகவும் இருந்தால்தான் அது காதில் முட்டாது. குழி இல்லாத ஹெல்மெட்டில் ஸ்பீக்கரைத் திணித்தால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் காது மடல் எரியும். ஒசூர் தாண்டுவதற்குள் எப்போது கழற்றலாம் என்றே மனம் போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழி போதவில்லை என்று தெர்மாகோலைக் கத்தியால் செதுக்கவே கூடாது. மோதும்போது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். வெளி ஓடு அடியைப் பரப்பி விடுகிறது, அவ்வளவே. சில கடைகளில் "நானே செதுக்கி மாட்டித் தரேன் சார்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஹெல்மெட்டைப் பாருங்கள்.

குழி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு விரல் அகலம் விலகினாலே சத்தம் பாதியாகிவிட்டதுபோல் இருக்கும். "இந்தக் கருவியில் சத்தமே வரவில்லை" என்று குறைப்படுபவர்களில் பலருக்குக் கருவி சரியாகத்தான் இருக்கிறது, ஸ்பீக்கர்தான் காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் பாதுகாப்புக்கு நல்லது, காற்றிரைச்சலும் குறைவு. தாடைப் பகுதி மேலே தூக்கும் வகை கண்ணாடி போடுபவர்களுக்கு வசதி. ஆனால் எடை கூடும், கீல்கள் வழியாகக் காற்றுச் சத்தமும் கொஞ்சம் கூடுதலாக வரும். மைக்கும் இதற்கேற்ப மாறும். முழு முக ஹெல்மெட்டுக்குத் தாடைக்குள் ஒட்டும் பொத்தான் போன்ற மைக். தூக்கும் வகைக்கும் முகம் திறந்த வகைக்கும் கம்பியில் நீளும் மைக். பெட்டிக்குள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சேர்ந்தே வருவதா, தனியாக மாட்டுவதா

ஒலிக்கருவி உள்ளேயே பொருத்தப்பட்ட ஹெல்மெட்டுகள் இருக்கின்றன. ஸ்டீல்பேர்டு நிறுவனம் ப்ளூடூத் ஹெல்மெட்டுகள் விற்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஏதர் 2024 ஏப்ரலில் ஹாலோ என்ற ஹெல்மெட்டை அறிமுக விலை 12,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர், கம்பியில்லா சார்ஜிங், தலையில் போட்டதைத் தானாக உணர்வது என்று வசதிகள் அதில் உண்டு. ஏதர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் இடது கைப்பிடி ஸ்விட்சிலிருந்தே பாட்டை மாற்றலாம். இரண்டு ஹாலோ இருந்தால் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொள்ளலாம். அலுவலகம், வீடு, கடைத்தெரு என்று ஊருக்குள்ளேயே ஓட்டும் ஏதர்காரருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை, தனியாக மாட்டும் கருவிதான். பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றியாக வேண்டும். அடி வாங்காவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது. தனிக் கருவி என்றால் கழற்றிப் புது ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளேயே இருந்தால் பேட்டரி செத்தாலும் ஹெல்மெட்டோடு போராட வேண்டும், ஹெல்மெட் போனால் கருவியும் போகும். அதைவிட ஆபத்து, இவ்வளவு காசு கொடுத்தோமே என்று அடிபட்ட ஹெல்மெட்டையே தொடர்ந்து போட வைத்துவிடும் மனசு.

யாருடன் பேசப் போகிறீர்கள்?

விலையைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். பதில் "யாரோடும் இல்லை, வழியும் பாட்டும் போதும்" என்றால், இன்டர்காமுக்குப் பெரும் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. சில ஆயிரங்களில் கிடைக்கும் எளிய ப்ளூடூத் கருவி போதும். மிச்சப் பணத்தை ஹெல்மெட்டில் போடுங்கள்.

பின்னால் உட்காரும் மனைவியோடோ தம்பியோடோ பேச வேண்டும் என்றால், ஒரே மாடலில் இரண்டு சாதாரண ப்ளூடூத் இன்டர்காம்கள் போதும். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் இருவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் எட்டும் கருவி எதற்கு?

நண்பர்கள் நாலைந்து பைக்கில் ஏலகிரி, ஒகேனக்கல், திருவண்ணாமலை என்று போகிறவர்களுக்குத்தான் மெஷ் தேவைப்படும். ப்ளூடூத் இன்டர்காமில் ஒருவர் அடுத்தவரோடும், அவர் அதற்கடுத்தவரோடும் சங்கிலியாக இணைகிறார்கள். நடுவில் ஒருவர் பெட்ரோல் போட நின்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அறுந்துபோவார்கள். யார் எந்த வரிசையில் வருவது என்பதையும் கருவி சொல்கிறபடிதான் வைத்துக்கொள்ள வேண்டும். மெஷ்ஷில் எல்லாரும் எல்லாரோடும் நேரடியாகத் தொடர்பு வைத்திருக்கிறார்கள். ஒருவர் விலகினால் மற்றவர்கள் வழியாகப் பேச்சு போகும், அவர் திரும்ப எட்டும் தூரத்துக்கு வந்ததும் தானாகவே சேர்ந்துகொள்வார். கிருஷ்ணகிரி தாண்டி லாரிகளுக்கு நடுவே குழு சிதறும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மெஷ் வாங்கும்போது ஒரு சிக்கல். இஸ்ரேலின் கார்டோ நிறுவனத்துக்கு ஒரு மெஷ், சேனா நிறுவனத்துக்கு வேறொரு மெஷ், பெங்களூரின் ப்ளூஆர்மர் நிறுவனத்துக்கு ரைட்கிரிட் என்ற தனி மெஷ். ஒன்றின் மெஷ் இன்னொன்றோடு பேசாது. வேறு கம்பெனிக் கருவியோடு இணைக்க வேண்டுமானால் பழைய ப்ளூடூத் முறைக்குத்தான் இறங்க வேண்டும், அதில் மெஷ்ஷின் வசதிகள் எதுவும் வராது. எனவே எது சிறந்தது என்று வீடியோ வீடியோவாகப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதையே வாங்குங்கள். கூட்டத்தில் யாரும் இன்னும் வாங்கவில்லை என்றால் எல்லாரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். அப்படி முடிவு செய்யும்போது சர்வீஸ் இந்த ஊரிலேயே கிடைக்கிறதா என்பதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பெட்டியில் 1.2 கி.மீ., 1.6 கி.மீ. என்று போட்டிருக்கும் தூரம், இரண்டு பைக்குக்கும் நடுவே எதுவும் மறைக்காத திறந்தவெளிக் கணக்கு. ப்ளூடூத்தும் மெஷ்ஷும் ஓடுவது நம் வீட்டு வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான். கட்டடமும் மலையும் குறுக்கே வந்தால் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகிறவர் ஒரு வளைவு மேலே இருந்தாலே குரல் விட்டு விட்டு வரும். கருவியில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்றையும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது மேப் குரல் கேட்கிறதா? ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடம், பேச்சுக்கு வேறொரு தடம். பாட்டுத் தடம் தெளிவானது, ஒருவழிப் பாதை. பேச்சுத் தடம் இருவழி, ஒலித்தரம் குறைவு. விலை குறைந்த கருவிகளில் பேச்சு திறந்திருந்தால் பாட்டுத் தடம் அடைபட்டுவிடும், அதில் வரும் மேப் குரலும் சேர்ந்து போய்விடும். நல்ல கருவி பேச்சை லேசாகத் தணித்து, மேப் சொல்வதைக் கேட்கவிட்டு, மறுபடி பேச்சை ஏற்றும். வழிக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

பொருத்துவது

கருவியின் உடல் ஹெல்மெட்டின் இடது பக்கம் வரும். வலது கை ஆக்ஸிலரேட்டரை விட முடியாது என்பதால் அப்படி. கிளிப் போட்டு மாட்டுவதும் உண்டு, பசைத் தாளில் ஒட்டுவதும் உண்டு. ஓட்டின் விளிம்பு தடிமனாக இருந்து கிளிப் நுழையாவிட்டால் ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டுமிடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிறகு அழுத்தி ஒட்டி, ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அழுக்கு போகவில்லை என்று பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஓட்டை அவை பலவீனமாக்கும்.

வயர்களைக் கன்னப் பஞ்சுக்கு அடியில் ஓட்டி, காதுக்கு நேராக ஸ்பீக்கரை ஒட்டுங்கள். துளை எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கரைத் தற்காலிகமாக ஒட்டி, பாட்டை ஓடவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். சத்தம் சட்டென்று தெளியும் இடம்தான் சரியான இடம். ஸ்பீக்கர் காதைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடும் நெருக்கத்தில் இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் பெட்டியோடு வரும் பஞ்சு வட்டத்தைப் பின்னால் வைத்து முன்னே கொண்டுவாருங்கள். மைக் உதட்டுக்கு நேரே இருக்கட்டும். தாடைக்கு அடியில் மாட்டும் துணித்தடுப்பு இருந்தால் அதையும் போடுங்கள், காற்று மைக்கில் ஊதுவது குறையும்.

முதல் ஓட்டத்தை வீட்டுத் தெருவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பார்க்காமலே எந்தப் பட்டன் எங்கே என்று விரலுக்குப் பழக்க வேண்டும். சத்தம் கூட்ட, குறைக்க, நிறுத்த இந்த மூன்றும் போதும். மற்றவற்றை வண்டியை நிறுத்திவிட்டுச் செய்துகொள்ளலாம்.

மேப்பைச் சரிசெய்வது

கருவி வாங்கிய பலரும் இதைச் செய்வதில்லை. கூகுள் மேப்பில் வாகனத்தை இரு சக்கரத்துக்கு மாற்றுங்கள். 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் அந்த வசதி முதலில் வந்தது. கார் வழியில் விட்டால், மைசூர் போகும்போது விரைவுச்சாலையின் நடுப்பாதையில் ஏறச் சொல்லும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். வழியைத் தேர்ந்த பிறகும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பார்த்துவிடுவது நல்லது.

அமைப்புகளுக்குள் போய், ப்ளூடூத் வழியாகக் குரல், அழைப்பின்போதும் குரல் ஆகிய இரண்டையும் இயக்குங்கள். குரலின் சத்தத்தை உரக்க என்று வையுங்கள். சோதனை ஒலியைப் போட்டுப் பாருங்கள். பாட்டு எதுவும் ஓடாதபோது ப்ளூடூத் தூங்கிவிடுவதால், "இடதுபுறம் திரும்பவும்" என்பதில் "இடதுபுறம்" விழுங்கப்பட்டு "திரும்பவும்" மட்டும் கேட்பது உண்டு. அப்படி ஆனால் மிக மெல்லிய சத்தத்தில் வாத்திய இசை எதையாவது ஓடவிடுங்கள், தடம் திறந்தே இருக்கும்.

குரல் தமிழிலும் கிடைக்கிறது. தமிழா ஆங்கிலமா என்பது, எந்த மொழியில் இடது வலது கேட்டால் உங்கள் உடம்பு யோசிக்காமல் திரும்புகிறதோ அதைப் பொறுத்தது. இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெங்களூரில் குரலை முழுக்க நம்ப முடியாத இடங்களும் உண்டு. மேம்பாலமும் அதன் அடியில் ஓடும் சர்வீஸ் ரோடும் செயற்கைக்கோளுக்கு ஒரே இடம்தான். நீங்கள் கீழே இருக்கும்போது மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு வழி சொல்லும். சில்க் போர்டில், மெட்ரோவோடு சேர்ந்த இரண்டடுக்கு மேம்பாலமும் வந்துவிட்டதால், இந்தக் குழப்பம் இன்னும் கூடும். மேப்பில்ஸ் செயலி சந்திப்புகளைப் படமாக முப்பரிமாணத்தில் காட்டுகிறது. கிளம்பும் முன் பெரிய சந்திப்புகளை அதில் ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொண்டால், குரல் தடுமாறும்போது நீங்கள் தடுமாற மாட்டீர்கள். பிரிவைத் தவறவிட்டால் அப்படியே நேரே போங்கள். அடுத்த யூ டர்ன் வரும். கடைசி நொடியில் மூன்று தடம் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டியதில்லை.

சத்தம் எவ்வளவு?

85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கப் பணியிட நலவாழ்வு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 100 என்றால் கால் மணி நேரம். நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு அனுமதித்த 80 கி.மீ. வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 85-ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று ஏற்றினால் காதுக்குள் நுழைவது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். சேலம் போய்ச் சேர்ந்தபின் காதில் ரீங்காரம் கேட்டால், சத்தம் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம்.

நெடுஞ்சாலையில் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் நன்றாக உதவும். இரைச்சலை அது பெருமளவு வெட்டிவிடுவதால், குறைந்த சத்தத்திலேயே ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்கும். ஊருக்குள் அது வேண்டாம். பின்னால் வரும் பிஎம்டிசி பஸ்ஸின் ஹார்னும் ஆம்புலன்ஸ் சைரனும் காதில் விழ வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் கூடாது என்கிறேன். அவை காதுத் துளையையே அடைக்கின்றன, ஹெல்மெட் கழற்றும்போது தெறித்து விழுகின்றன. சத்தத்தை எங்கே வைப்பது என்பதற்கு என் அளவுகோல்: சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் சாதாரணக் குரலில் கேட்பது புரிய வேண்டும். புரியவில்லை என்றால் குறையுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கம் போன்ற இடங்களில் பாட்டையும் பேச்சையும் முழுக்க நிறுத்திவிடுங்கள்.

போன் அழைப்பு? ஓட்டும்போது எடுக்காதீர்கள். கையில் பிடிக்கும் போனைப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் குற்றம். 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் அனுமதிக்கிறது. காதில் கருவி இருப்பதால் அழைப்பும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். அம்மா கூப்பிட்டால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

மழையும் வெயிலும்

ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்படி சோதித்தது என்று பொருள். செப்டம்பர், அக்டோபர் மாலை மழைக்கு அது தாராளம். ஆனால் சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்க வேண்டும். நனைந்து வந்த உடனே சார்ஜில் போடாதீர்கள், துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் பெரும்பாலும் அந்த ஐபி கணக்குக்குள் வராது, கன்னப் பஞ்சைத் துவைக்கும்போது அவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு மழையைவிட வெயில் பெரிய எதிரி. பைக் கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு மதியம் முழுக்க வெயிலில் விடாதீர்கள். கருவியை ஹெல்மெட்டில் மாட்டியிருக்கும் பிடிப்பிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் திருட்டுப் பயமும் இல்லை. மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், முழுக்க வடியவிட்டால் அடுத்த முறை உயிர் வராமல் போகலாம். பில்லையும் வாரன்டி அட்டையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நீண்ட பயணத்துக்கு முந்தின இரவே கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து, முழுதாகச் சார்ஜ் செய்து, கூட வருபவர்களின் கருவிகளோடு வாசலிலேயே இணைத்துப் பார்த்துவிடுங்கள். அத்திபெலே டோல்கேட் ஓரத்தில் நின்று மேனுவலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.